வைக்கோல் பிரிச் சடை

நெஞ்சு நோய்ப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரு சடையைப் பற்றி.

மல்லிகாவுக்கு ஒரத்தநாடு பக்கம். பழைய டி.பி. நுரையீரலில் விட்டுப்போன ஓட்டையில் பூஞ்சை பிடித்து, இருமினால் ரத்தம் வரும் நிலையில் தஞ்சாவூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். பல மாதம் பூஞ்சையைக் கொல்லும் வோரிகோனசோல் மாத்திரை சாப்பிட்டதில் ரத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொரு செக்கப்பிலும், "இருமல் இருக்கா? மாத்திரையால கண்ணு கூசுதா?" என்று கேட்போம். "இல்லீங்க, நல்லா இருக்கேன்" என்பார். அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவோம்.

ஒரு செக்கப்பில் அவருடைய சடை விசித்திரமாக இருந்தது. இறுக்கி முறுக்கி, வைக்கோலைக் கயிறாகத் திரித்த அசல் பிரி மாதிரி.

"யாரு மல்லிகா இப்படிப் பின்னிவிட்டது?" என்று கிண்டலடித்தேன்.

பின்னால் நின்ற கணவர் கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"இவருதாங்க. எனக்குக் கை தூக்க முடியல, தோள்லேந்து விரல் வரைக்கும் வலி."

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மல்லிகாவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். எலும்போடு ஒட்டினாற்போல் முடிச்சு முடிச்சாக வீக்கம். லேசாகத் தொட்டதற்கே கண் கலங்கிவிட்டார்.

"ஏம்மா இத்தன நாளா சொல்லல?"

"நடவு நட்ட கை, அதான் வலிக்குதுன்னு இருந்தேன் சிஸ்டர். ஆனா இந்தக் குறுவை நடவுக்கு நான் வயல்ல எறங்கவே இல்ல." குரலைத் தாழ்த்தினார். "சொன்னா மாத்திரைய நிறுத்திருவீங்க. மறுபடி ரத்தம் வந்தா இவரு தனியா என்ன பண்ணுவாரு?"

உடனே டாக்டரிடம் அழைத்துப்போனேன். எக்ஸ்ரேயில் தோள், விரல் எலும்புகளின் மேல் புது எலும்பு படிந்திருந்தது. எலும்பு பாதித்தால் கூடும் ஆல்கலைன் பாஸ்படேஸ் ரத்தத்தில் ஏறியிருந்தது.

"இந்த மாத்திரையில ஃப்ளோரின் இருக்கும்மா. ரொம்ப நாள் சாப்பிட்டா சிலருக்கு எலும்புல சேந்து இப்படி வலிக்கும்" என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. பூஞ்சைக்கு வேற மாத்திரை இருக்கு, மாத்தித் தரேன்."

அன்றிலிருந்து, நீண்ட நாள் இந்த மாத்திரை சாப்பிடுகிற எல்லாரிடமும், "தல சீவ முடியுதா? சோறு பெசைய முடியுதா?" என்று கேட்பது என் வழக்கமாயிற்று. நீங்களும் கேளுங்கள். நல்லா இருக்கேன் என்று சொல்பவரிடமும் கேளுங்கள்.

சில வாரம் கழித்து மல்லிகா வந்தார். இருமல் இல்லை. ஆனால் முதுகில் அதே பிரி.

"இன்னுமா வலிக்குது?"

கலியமூர்த்தி மாத்திரை வாங்கப் போயிருந்தார். மல்லிகா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"வலியெல்லாம் போயிடுச்சு சிஸ்டர். அத அவருகிட்டயும் சொல்லிட்டேன். கை தூக்க வருதுன்னு மட்டும் இன்னும் சொல்லல."

டாக்டரிடம் சொன்னேன். கலியமூர்த்தியிடம் நானும் சொல்லவில்லை.