தறி ஓடட்டும், சொல்லுங்க

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. காலையில் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டால் கரண்ட் போகிறவரை தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். குழம்பில் உப்பு பார்க்கச் சொல்வதானாலும் அம்மா கத்தித்தான் சொல்வாள். எடப்பாடிப் பக்கத்து விசைத்தறி வீட்டுப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். கடைசி சீட்டில் உட்கார்ந்து போன் பேசினால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். கோயம்புத்தூரில் டிகிரி படித்த காலம் பூராவும் ஹாஸ்டலில் எனக்கு ‘ஸ்பீக்கர்’ என்றே பெயர். நான் கோபித்துக்கொண்டதில்லை. அது எங்கள் வீட்டுக் குரல், அவ்வளவுதான்.

அந்தக் குரலுக்காகத்தான் என் தம்பியை அடித்தார்கள்.

அவன் நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். மெக்கானிக்கல். சின்ன வயசிலிருந்தே தறி மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவன், அந்தப் படிப்பைத் தவிர வேறெதுவும் கேட்காதவன். ஒரு மத்தியானம் வார்டனிடமிருந்து போன் வந்தது. “பையன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டானுங்க. காதுல லேசா அடி. வந்து கூட்டிட்டுப் போயிருங்க.”

நானும் அப்பாவும் போனோம். இடது காதில் பஞ்சு, கன்னம் வீங்கியிருந்தது. எங்களிடமும் அவன் “வழுக்கீட்டேன்” என்றான். அதை அவன் சொன்ன விதத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பையன் குசுகுசுவென்று பேசினான்.

நேராக அரசு ஆஸ்பத்திரி. காது டாக்டரம்மா லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “ஜவ்வு கிழிஞ்சிருக்கு. வழுக்கி விழுந்தா இப்படி ஆகாது தம்பி. யாரு அறைஞ்சது?”

தம்பி என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

சீனியர்கள் முன்னால் முதல் வருஷப் பையன்கள் நிற்கும்போது தங்கள் சட்டையின் மூன்றாவது பட்டனை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம். குரல் எழும்பக் கூடாதாம். காலேஜுக்கு வெளியே மூன்று சீனியர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ரூமுக்கு இவனைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பேரைக் கேட்டார்கள், சொன்னான். “ஏண்டா கத்தற? மெதுவாச் சொல்லு.” மெதுவாகச் சொல்வதாக நினைத்து அவன் சொன்னது தெருமுனைக்குக் கேட்டிருக்கும். திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் அப்படியே. திமிர் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருத்தன் அறைந்திருக்கிறான்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அதை அடிதடி என்றே எழுதினார். “காப்பி கேட்டு வாங்கி வெச்சுக்குங்க” என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. அறைந்தவனின் அப்பா, திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டிகள் வைத்திருப்பவர். கூடவே பேச்சுவார்த்தைக்கு என்று வெள்ளை வேட்டியில் ஒருவர். கையில் ஆப்பிள், மாதுளை.

எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்டவர்கள் பேச வந்தால் தறியை நிறுத்திவிட வேண்டும். அப்பா நிறுத்தினார். மனஸ்தாபம் உள்ள வீட்டில் யாரும் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டார்கள், குடித்துவிட்டால் மனஸ்தாபம் தீர்ந்தது என்று கணக்கு. இதை அம்மா யோசிக்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. அவர்கள் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்கள்.

தறி நின்ற வீட்டில் அவர்களுடைய மெல்லிய பேச்சு சுகமாகப் போயிற்று.

“பசங்க விளையாட்டுங்க. கொஞ்சம் எச்சாப் போயிருச்சு.”

“நாளைக்கு உங்க பையனும் சீனியராவானில்லீங்க?”

“போலீசு கீலீசுன்னு போனா உங்க பையன் பேரும்தான கெடும்? பார்த்துக்குங்க சாமி.”

அவர்கள் போனபிறகு நான் குதித்தேன். “ஏனுங்கப்பா, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

“அவங்க போர் வண்டி வெச்சிருக்காங்க அம்மிணி. நாம கூலிக்குத் தறி ஓட்டறவங்க” என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போய்விட்டார்.

அப்போது நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்று பிடித்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணி தெரியாது. ராகிங் தடைச் சட்டத்தைப் போனில் இறக்கி, சங்ககிரிக்கும் நாமக்கல்லுக்கும் போகிற பஸ்களில் நின்றுகொண்டே படித்தேன். ஒரு பெரிய புத்தகத்தை எதிர்பார்த்திருந்தேன். இருந்தது சில பக்கம்தான். நம் தமிழ்நாட்டுக்கென்றே போட்ட சட்டம். ராகிங் காலேஜுக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம். ஜெயில் உண்டு. புகார் வந்தால் காலேஜ் முதல்வர் உடனே விசாரிக்க வேண்டும், உண்மையென்றால் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். செய்யாமல் உட்கார்ந்திருந்தால் அவரே அந்தக் குற்றத்துக்குத் துணைபோனவராகிறார். இந்த இடத்தைப் படித்தபோது நான் “அப்படிப் போடு!” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா கூடையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

இதுபோக மத்திய அரசின் விதிகள் தனியாக இருக்கின்றன. காலேஜே ஒரு நாளுக்குள் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். பெற்றவர்களும் புகார் கொடுக்கலாம். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசி முடித்தால் காலேஜின் கடமை தீர்ந்தது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று வரி வரியாகத் தேடினேன். இல்லவே இல்லை.

முதல்வர் அறைக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். புகாரை இரண்டு பிரதியாக எழுதி எடுத்துப் போயிருந்தேன், ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று சீல் வாங்க. அவர் பேப்பரைத் தொடவே இல்லை.

“அதான் பேசி முடிச்சுட்டீங்களேம்மா. அவங்க உங்க வீட்டுக்கு வந்து காபியெல்லாம் சாப்பிட்டதாச் சொன்னாங்க.”

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

“அதோட சம்பவம் நடந்தது வெளியில. நமக்குச் சம்பந்தமில்லை. பையன் இங்க இருந்தா சங்கடம். டி.சி.யை நாங்களே ரெடி பண்ணித் தந்துடறோம். வேற நல்ல காலேஜாப் பாருங்க.”

தம்பி தலையைத் தூக்கினான். “நான் எதுக்கு சார் போகணும்?” அவன் கேட்டது எனக்குக் கேட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை.

இதுதான் விஷயமே. அடித்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க, அடிவாங்கியவன் டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமாம். நடு வருஷத்தில் எந்தக் காலேஜ் சேர்த்துக்கொள்ளும்? பட்டறைக்குத்தான் வந்து சேருவான்.

நான் சட்டத்தை ஆரம்பித்தேன். வெளியே நடந்தாலும் குற்றம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையமர்த்தினார். “காது விஷயத்தைப் பெருசு பண்ணாதீங்க. தறிக்காரங்க வீட்டுப் பசங்களுக்குப் பொதுவாவே காது கொஞ்சம் மந்தமாத்தானே இருக்கும்?”

அதுவரை சீட்டு நுனியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தார். தறி முழுவேகத்தில் ஓடும்போது எந்தக் குரலில் பேசுவாரோ அந்தக் குரலில் சொன்னார்.

“முப்பது வருசமாத் தறிக்குள்ள நிக்கறேனுங்க. எனக்கு நல்லாக் கேக்குது. நீங்க இப்பச் சொன்னது அத்தனையும் கேட்டுது.”

வராந்தாவில் பையன்கள் கூடிவிட்டார்கள். கிளார்க் எட்டிப் பார்த்தார். அப்பா என் கையிலிருந்த பேப்பரை வாங்கி மேஜைமேல் வைத்தார். “சீல் போட்டுக் குடுங்க.” போட்டுக் கொடுத்தார்கள்.

அதை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனோம். எஸ்.ஐ. படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். “இது நம்ம லிமிட் இல்லம்மா. அங்க போய்க் குடுங்க.”

“எந்த ஸ்டேஷன்ல குடுத்தாலும் வாங்கிப் பதியணுமுங்க சார். பதிஞ்சுட்டு நீங்க அங்க அனுப்பி வைக்கலாமுங்க.”

“நீ வக்கீலாம்மா?”

“இல்லீங்க சார். அக்கா.”

பாராவில் இருந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. “சரி, சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன்.” சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது. வழக்கு ஆகாது. எத்தனையோ வீடுகளில் அந்த ரசீதையே கேஸ் என்று நம்பி பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

“எஃப்.ஐ.ஆர். வேணுமுங்க சார். இல்லைன்னா எஸ்.பி.க்குத் தபால்ல போடுவேன். அப்பறம் கோர்ட்டுல மாஜிஸ்திரேட்டுகிட்டப் போவேன்.”

“மெதுவாப் பேசும்மா. இது ஸ்டேஷன்.”

“எங்க ஊட்டுல யாருக்கும் மெதுவாப் பேச வராதுங்க.” இதைச் சொன்னது நான் இல்லை. எனக்குப் பின்னாலிருந்து தம்பி. பழைய குரல். வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். “நானே சொல்றேன் எழுதிக்கங்க சார்” என்று தன் பேரைச் சொன்னான். அந்த ரூமில் எந்தப் பேரை, எந்தக் குரலில் சொன்னதற்கு அறை வாங்கினானோ, அதே பேர், அதே குரல். அப்புறம் அந்த மூன்று பேரின் பெயரையும் சொன்னான். மூன்றாவது பட்டனைப் பார்க்காமல் எஸ்.ஐ.யின் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார்.

எஃப்.ஐ.ஆர். காலேஜ் இருக்கும் ஊர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் முதல்வரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. விசாரணை நடந்தது, மூன்று பேரும் சஸ்பெண்ட். பழத்தோடு வந்தவர்கள் திரும்பவும் வந்தார்கள். இந்தத் தடவை பை இன்னும் பெரிசு.

அப்பா பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வாங்க, உக்காருங்க!”

“கொஞ்சம் தறிய நிறுத்தச் சொல்லுங்களேன்” என்றார் வெள்ளை வேட்டி. உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்தது.

“என்னங்க?”

“தறிங்க! நிறுத்துங்க!”

“ஆர்டர் சாமி, நிறுத்த முடியாது! தறி ஓடட்டும், நீங்க சொல்லுங்க!”

போர் வண்டிக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். எதிர்வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். காதோடு காதாகச் சொன்னால் நியாயம் போலத் தெரிகிற சில விஷயங்கள் கத்திச் சொல்லும்போது வேறு மாதிரி ஆகிவிடுகின்றன.

“கேஸை...” என்றார்.

“கேக்கலீங்க!”

“கேஸை வாபஸ் வாங்கோணுங்க!” தெருவே கேட்டது. அவரும் தன் காதால் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அம்மா சொம்பில் தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “குடிங்க! வெயில்ல வந்திருக்கீங்க! குடிச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லீங்க, தாகத்துக்குத்தான்!”

வெள்ளை வேட்டி சொம்பைப் பார்த்தார். போர் வண்டிக்காரர் எழுந்துவிட்டார். பழப்பையை மறந்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். அப்பா பின்னாலேயே போய்க் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தா மேல் வாய்தா. தம்பியின் ஜவ்வு மூடிவிட்டது, ஆனாலும் இடது காதில் கேட்கிற திறன் முழுசாகத் திரும்புமா என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. முடிவு எப்படி வரும் என்று எனக்கும் தெரியாது. இன்னார் மேல் இன்ன வழக்கு என்று கோர்ட்டில் உரக்கக் கூப்பிடுகிறார்கள், அதுவே ஒரு காலத்திலும் நடக்காது என்று ஊரில் சொன்னார்கள். இப்போது சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் காலேஜ் சேரும்போதெல்லாம் எனக்குப் போன் வருகிறது. பிரதி இரண்டு எடுங்கள், சீல் வாங்குங்கள், சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே கத்துகிறேன்.

டி.சி. காலேஜிலேயே கிடக்கிறது. அவன் ஹாஸ்டலை விட்டுவிட்டு இங்கிருந்தே பஸ்ஸில் போய்வருகிறான். முதல் நாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பட்டறைக்குள்ளிருந்தே கேட்டார்.

“அங்க ஏதாச்சும்னா என்ன பண்ணுவ சாமி?”

“கத்துவேன்!” என்று கத்திவிட்டு அவன் பஸ்ஸுக்கு ஓடினான்.