மலாக்கிக்கு விழுந்த பரிசு

மலாக்கியைப் பால் லாரி ஓட்டுபவராகத்தான் எங்கள் ஊருக்குத் தெரியும். அயர்லாந்தின் மேயோ பக்கத்துப் பண்ணைகளில் வாசல் வாசலாக நின்று பாலை ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் இறக்குவார். மழையைத் திட்டுவார், நாய்களோடு பேசுவார், மனிதர்களோடு அவ்வளவாகப் பேச மாட்டார். எனக்கு அவரை வேறு விதமாகவும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தின் பின்னறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். எல்லோரும் சூதாடிக் கெட்டு, அதை விடுவதற்காகச் சேர்ந்தவர்கள். அவருக்குக் குதிரைப் பந்தயம், எனக்குக் கைப்பேசியில் பிங்கோ.

நான் டிம்ப்னா. முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குத் தேநீர் போடுவதும் நான்தான். எங்கள் வழக்கம் இதுதான்: முறை வந்தால் முதலில் பேர், உடனே கடைசியாகச் சூதாடிய தேதி. மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் வாய் திறக்கக் கூடாது. சூது என்றால் எல்லாமே சூதுதான். கோயில் குலுக்கல் சீட்டும் சேர்த்தி, காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று நாணயம் சுண்டுவதும் சேர்த்தி. இது அநியாயம் என்று நான் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். அயர்லாந்தில் ஒருத்தன் குலுக்கல் சீட்டு வாங்காமல் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்துவிட முடியுமா?

மலாக்கியின் மனைவி கடைசிவரை அவருடைய பொய்களைக் கேட்டே போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த அன்று மகள் ஓர்லா கல்லறை வாசலில் நின்று சொன்னாளாம்: "அஞ்சு வருஷம் சூதாடாம இருந்து காட்டுங்க. அப்ப வந்து பார்க்கிறேன்." கோபத்தில் சொன்ன வார்த்தை. இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஐந்து வருஷமும் அவர் இருந்த இருப்பைக் கேளுங்கள். குதிரை ஓடுவதைக் காட்டிவிடுமே என்ற பயத்தில் வீட்டில் டிவி கிடையாது. வானொலியில் வானிலை மட்டும் கேட்பார், விளையாட்டுச் செய்தி வருமுன் அணைத்துவிடுவார். மதுக்கடைக்குப் போகவில்லை, ஆகையால் நண்பர்களும் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்றுகூட யாரும் அழைக்கவில்லை. ஞாயிறு எங்களிடம் பேசுவதுதான் வாரம் முழுவதற்குமான அவருடைய பேச்சு.

ஐந்தாவது வருஷம் நிறைந்தால் பதக்கம் தருவோம். அன்றைக்குக் குடும்பத்தாரும் வரலாம். மலாக்கி மகளுக்கு எழுதினார். அவள் இருக்கும் கால்வே நகரத்திலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது, வருகிறேன் என்று. அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் மூன்று தடவை காட்டினார்.

முந்தின நாள், சனிக்கிழமை, என் கடைக்கு வந்தார்.

"என்னய்யா, நாளைக்குப் பதக்கம் வாங்கப்போற மாப்பிள்ளை! முடி வெட்டிக்க வந்தியா?" என்று கிண்டலடித்தேன்.

அவர் உட்காரவில்லை. "எனக்கு ஒரு லோடு விறகு விழுந்திருக்கு டிம்ப்னா."

"எங்கே, லாரியிலேர்ந்தா?"

"குலுக்கல்ல."

வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கில் கால்பந்துக் கழகத்துக்காரி ஒருத்தி, பெண்கள் அணிக்குச் சட்டை தைக்க என்று குலுக்கல் சீட்டுப் புத்தகத்தை நீட்டியிருக்கிறாள். நல்ல மழை, பின்னால் வண்டிகள் நிற்கின்றன. யோசிக்குமுன் கை சட்டைப்பைக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலமே போன் வந்திருக்கிறது, முதல் பரிசு என்று.

"போய்யா! பொம்பளப் பிள்ளைங்க சட்டை தைக்க நன்கொடை கொடுத்திருக்கே. இதுல என்ன சூது? வாயை மூடிக்கிட்டு நாளைக்கு வா. உன் பொண்ணு அவ்வளவு தூரத்திலேர்ந்து வருது."

"சீட்டு வாங்கினதுகூடப் பரவாயில்ல. போன் வந்ததும் சமையலறையில குதிச்சேன். தனியா நின்னு, அறுபத்திரண்டு வயசுல. குதிரை ஜெயிக்கிறப்போ குதிப்பேனே, அதே குதி. அடுத்த குலுக்கல் எப்போன்னு கேட்டுட்டுத்தான் போனையே வெச்சேன்."

அந்தக் குதி எனக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னேன்: "அஞ்சு வருஷத்தை ஒரு லோடு விறகுக்காகத் தூக்கிப் போடாதே. சொல்லாதே."

ஞாயிற்றுக்கிழமை ஓர்லா வந்தாள். சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றாமல் கதவை ஒட்டி உட்கார்ந்தாள். அப்பாவின் மூக்கு அப்படியே அவளுக்கு. மலாக்கி சலவைச் சட்டை போட்டிருந்தார். அவர் முறை வந்தது.

"என் பேர் மலாக்கி. நான் கடைசியா சூதாடினது முந்தாநாள், வெள்ளிக்கிழமை."

ஓர்லா எழுந்துவிட்டாள். விறகில் ஆரம்பித்திருந்தால் உட்கார்ந்திருப்பாள். ஆனால் எங்கள் வழக்கப்படி தேதிதான் முதலில் வரும். நில்லும்மா, முழுசாகக் கேள் என்று வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரு விதியையும் மதிக்காத நான், அன்றைக்குப் பார்த்து விதியை மதித்து உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்திக்கொண்டது. மலாக்கி அந்தக் கதவைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார். மழை, சீட்டு, போன், குதித்தது, அடுத்த குலுக்கலைக் கேட்டது, ஒன்றையும் விடவில்லை.

அவர் முடித்த கணமே வெளியே ஓடினேன். நல்லவேளை, அவள் இன்னும் காரில்தான் இருந்தாள். ஜன்னல் வழியாக மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"விறகா?" என்று சிரித்தாள். அடுத்த நிமிஷம் அழுதாள். "அவர் சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"அதைத்தாம்மா நானும் அவருக்குச் சொன்னேன்."

"எங்கம்மா சாகிற வரைக்கும் அவர் வாயிலேர்ந்து ஒரு நிஜம் வருமான்னு காத்துக்கிட்டிருந்தா."

"உள்ளே வாயேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை."

"முடியாது" என்றாள். கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது.

உள்ளே எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். மலாக்கி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

"இன்னிக்கு முடியாதுன்னா."

கையில் நாற்காலியோடு நின்றுவிட்டார். "இன்னிக்குன்னா சொன்னா?"

"ஆமா."

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு டிம்ப்னா. இன்னிக்குன்னா சொன்னா?"

"இன்னிக்குன்னுதான்யா."

தலையை ஆட்டிக்கொண்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

இது நடந்து பதினாலு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் துவைத்துத் தேய்த்த சட்டையோடு வருகிறார், வாசல் தெரிகிற மாதிரி உட்காருகிறார். ஓர்லா "முடியாது" என்று மட்டும்தான் சொன்னாள். அந்த "இன்னிக்கு" நான் சேர்த்தது. என் முறை வரும்போது பேரைச் சொல்கிறேன், தேதியைப் பிசகாமல் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.