இடது தோளில் வந்த பை

பீர்மேட்டுப் பக்கத்து எஸ்டேட் தபால்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பதிவு கிடையாது, கொடி கிடையாது. ஏழு எஸ்டேட்டுக்கு ஏழு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு தபாலாபீசுக்கு எதிர்ச் சாயாக்கடையில் கூடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் சட்டதிட்டத்தில் மட்டும் சர்க்காரையே மிஞ்சுவார்கள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது. உடம்புக்கு முடியாதவனின் பையைப் பக்கத்து எஸ்டேட்காரன் சுமக்க வேண்டும். சாவுச் சேதி தந்தியில் வந்திருந்தால் பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னார் போய்விட்டார் என்று எவனும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் வரும்போதே சனம் பார்த்து மனதைத் திடப்படுத்திக்கொள்ளும்.

இந்த இடது தோள் ஏற்பாட்டைச் சொன்னதே அழகுமலைதான். பதினெட்டு வருஷச் சர்வீஸ். ஒரு நாள்கூடத் தன் பையை இன்னொருத்தன் தொட்டதில்லை என்று அவருக்கு ஒரு தலைக்கனம். அந்தத் தலைக்கனத்தில் கொள்ளியை வைக்க.

எழுபத்து நாலு, ஆடி மாதம். முந்தின நாள் மழையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது தோள் வீங்கிப் போயிருந்தது. தபாலாபீஸ் வாசலில் பக்கத்து எஸ்டேட் பெரியமுத்து கையை நீட்டினார்.

"பையக் குடுங்கண்ணே. நம்ம போட்ட சட்டந்தானே."

"போடா. பத்துக் காயிதம் இருக்கு. இதுக்கு ஒரு ஆளு வேணுமாக்கும்."

பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார். பையில் சாவுச் சேதி இல்லை என்பது அவருக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அது மட்டும் அந்த மனுஷன் மண்டையில் ஏறவில்லை.

மேட்டுக் காட்டில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் சுருளியம்மாளும் ஒருத்தி. அவள் புருஷன் சங்கையா நெஞ்சில் சீழ் கட்டி இரண்டு மாதமாக மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தான். தேறமாட்டான் என்றே லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. நல்லா இருந்த காலத்தில் அவன் குடித்துவிட்டு வந்து அவளை அடிக்காத நாள் குறைவு. லயத்தில் எல்லோருக்கும் அது கேட்கும். ஒருத்தரும் போய்க் கேட்டதில்லை.

கீழே பாதையில் ஏறிக்கொண்டிருந்த அழகுமலை, பெண்கள் ஒரே இடத்துக்கு ஓடுவதைப் பார்த்து யாரையோ பாம்பு கடித்துவிட்டதென்று நினைத்தார். மூச்சு வாங்க மேலே வந்தால் ஒரே ஒப்பாரி. பக்கத்து நிரையில் பறிக்கும் மாரித்தாய், சுருளியம்மாளின் கையைக் கல்லில் வைத்து வளையலை உடைத்து முடித்திருந்தாள். சுருளியம்மாள் மட்டும் அழவில்லை.

"வாங்கண்ணே. பைய அந்தத் தோள்ல பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு," என்றாள். "அழுகதான் வரமாட்டேங்குது. இனிமே பொழுது சாஞ்சா வாசலப் பாத்துப் பயந்துக்கிட்டுக் கெடக்க வேணாம். ஒரு வாய்க் கஞ்சிய நிம்மதியாக் குடிப்பேன்."

நாற்பது பேர் கேட்டார்கள். அந்த முகத்தில் இருந்த தெளிச்சியை அழகுமலை அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் அவருக்குத் தன் தோள் உறைத்தது. அட பாவி மனுஷா என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டி என்ன பிரயோசனம்? பைக்குள் அவள் பெயருக்கு ஒரு இன்லேண்டு கடிதம் கிடந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர்தான் பிரித்துப் படித்தாக வேண்டும்.

"ஆத்தா, இது சாவுச் சேதி இல்ல. தோள்ல அடிபட்டு மாத்திப் போட்டேன். சங்கையாதான் எழுதிருக்கான். சொகமாயிருச்சாம். வெள்ளிக்கெழம வாரானாம்."

ஒப்பாரி பட்டென்று நின்றது. பின்னால் எவளோ சிரித்துவிட்டாள். சுருளியம்மாள் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாஞ் சொன்னத என்னண்ணே செய்ய?"

அன்று சாயங்காலம் அழகுமலை லயத்து வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். அந்தப் பேச்சு சங்கையா காதுக்குப் போகவே கூடாது என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சங்கையா ஜீப்பிலிருந்து இறங்கி ஒரு பீடி பற்றவைத்து முடிப்பதற்குள் அத்தனையும் அவன் காதுக்குப் போய்விட்டது. கஞ்சியைக்கூட விடவில்லை. அவன் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டுக்கொண்டது. அழகுமலை ஓடிப்போய் கதவைத் தட்டினார். "டேய், தப்பு என்னோடதுடா, அவள விடு" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், "குடும்பச் சண்டை, நீங்க வாங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சுருளியம்மாள் வேலைக்கு வரவில்லை. சங்கையா சாயாக்கடைக்கு வந்தான். குளித்து, திருநீறு பூசி, புதுச் சட்டை போட்டிருந்தான். தன்னை அடிக்க வருகிறான் என்றுதான் அழகுமலை நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அவனோ பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சாயா சொன்னான்.

"மச்சான், நீங்க மட்டும் அப்பிடி வரலேன்னா, அவ மனசுல என்ன இருக்குன்னு சாகுற மட்டும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. இந்த ஒதவிய மறக்க மாட்டேன்."

சாயாவை அவர் கையில் வைத்தான். கடையே பார்த்துக்கொண்டிருந்தது. அழகுமலை அதைக் குடித்தார்.