யாரும் சேர்க்காத கட்டம்

இரண்டாயிரங்களின் நடுவில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. திருநின்றவூரிலிருந்து ரயில் மாறிப் போவேன். ஷிப்ட் ஏறும் முன் ஒவ்வொருவரும் கேட்டருகே இருந்த கம்ப்யூட்டரில் தங்கள் எண்ணைத் தட்டி, ஹெல்மெட் இருக்கிறதா, கையுறை இருக்கிறதா என்ற கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வாரம் ஒரு கேள்வி கூட்டுவார். ஒவ்வொரு முறையும் பக்கத்தைத் திருத்தி அலுத்துப்போய், கேள்விகளைப் புரோகிராமில் எழுதாமல் தனிப் பட்டியலில் வைத்தேன். பக்கம் திறக்கும்போது அந்தப் பட்டியலைப் படித்து, ஆளுக்கேற்ற கட்டங்கள் அந்த நொடியில் உருவாகும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் காலை கிரேன் ஓட்டுபவர் என் மேஜை முன் வந்து நின்றார். அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

“சார், இன்னா சார் உங்க கம்ப்யூட்டரு என்னைப் பாத்து இப்டி கேக்குது?”

போய்ப் பார்த்தேன். வழக்கமான கேள்விகளுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம்: ‘வீட்டுக்கு மரணத் தகவல் சொல்லப்பட்டதா?’

“நான் உயிரோடதான நிக்கிறேன்? என் ஊட்டுக்கு இன்னான்னு சொல்றது?” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

என் எண்ணைத் தட்டினேன். அந்தக் கட்டம் வரவில்லை. அவர் எண்ணைத் தட்டினேன், வந்தது. மூடித் திறந்து பார்த்தேன். மறுபடியும் வந்தது.

மதியத்துக்குள் காரணம் பிடிபட்டது. முந்தின நாள்தான் பழைய விபத்துப் பதிவேடுகளை ஏற்றியிருந்தேன். ஓர் எண்ணின் பதிவேட்டில் எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும், அந்த எண்ணைத் தட்டும்போது பதில் கிடைக்கும்வரை அதைக் கேட்க வேண்டும் என்று விதி எழுதியவனும் நானே. கிரேன்காரரின் எண் அதற்கு முன் ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இருந்தது. அடிபட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். மற்றதெல்லாம் நிரப்பியிருந்தார்கள். இந்த ஒன்று மட்டும் காலி.

“ஆமான்னு போட்டுடுப்பா, போயிடும்” என்றார் பாதுகாப்பு அதிகாரி.

என் கை மவுஸுக்குப் போனது. கிரேன்காரர் தடுத்தார்.

“தெரியாம எப்டி சார் ஆமான்னு போடுவீங்க?”

ஞாயிறன்று அவருடைய பைக்கில், பதிவேட்டிலிருந்த விலாசத்தைத் தேடிப் போனோம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு சிறிய வீடு. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தார். ஆலையிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் கண் கிரேன்காரரின் கழுத்தில் தொங்கிய அட்டையில் நின்றது.

“இது எங்க ஊட்டுக்காரரு நம்பராச்சே.”

உள்ளே போய், கணவர் எழுதிக் கொடுத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். அதே எண்.

“போன வருசம் மூணு தபா கேட்டாண்ட வந்தேன். இந்த நம்பரச் சொன்னேன். வாச்மேன் பாத்துட்டு, உள்ள ஷிப்டுல கீறாருன்னாரு. சாயங்காலம் வரிக்கும் நின்னேன். வெளிய வரவேயில்ல. சண்ட போட்டுக்கினு போனவரு, கோவம் தீரலன்னு திரும்பிட்டேன்.”

அந்தப் பெண் ஆலை வாசலில் நின்ற ஒவ்வொரு முறையும் உள்ளே அந்த எண் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த எண்ணில் வேலை செய்த கிரேன்காரர்தான் இப்போது அவர் எதிரில் நின்றார். இறந்தவரை வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர், வீட்டுக்குத் தானே சொல்வதாக ஆலையில் சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. சொல்லவே இல்லை.

கிரேன்காரர் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, “யம்மா, கொஞ்சம் ஒக்காருங்க” என்றார். நடந்ததை அவர்தான் சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. “அப்ப உள்ள இருந்தது யாரு?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

திங்கட்கிழமை ‘ஆம்’ என்று பதிந்தேன். அடுத்த முறை பக்கம் திறந்தபோது கட்டம் இல்லை. கிரேன்காரருக்கு வேறு எண் கொடுக்க வைத்தேன். அந்தப் பெண் தம்பியோடு வந்து, ஆலைக் கோப்பில் இருந்த இறப்புச் சான்றிதழை வாங்கிப் போனார்.

பிறகு மற்ற பதிவுகளையும் தேடினேன். இன்னும் இரண்டு பேருக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கிரேன்காரரும் நானும் போனோம். ஒரு வீட்டில் விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இன்னொரு விலாசத்தில் வீடே இல்லை, வயல்தான் இருந்தது. பக்கத்தில் விசாரித்தோம், அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டத்தில் நான் எதையும் எழுதவில்லை. ஆலையை விட்டு வரும்வரை அது காலியாகவே இருந்தது.