முதல் பேஸில் கேட்காத சத்தம்

சாஃப்ட்பாலில் முதல் பேஸ் அம்பயர் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பேஸுக்குப் பக்கத்தில் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஒட்டி நின்றால், பந்தை அடித்துவிட்டுப் பேஸை மிதிக்க ஓடி வருகிற பெண்ணின் கால் தெரியும். பேஸில் நின்று பந்தைப் பிடிக்கிற பெண்ணின் கை தெரியாது. பந்து வரும் வழிக்குப் பக்கவாட்டில், ஐந்தாறு தப்படி தள்ளி நிற்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்க்கக் கூடாது, கண் ஆடும். சரியான இடத்தில் நின்றாலும் காலையும் கையையும் ஒரே நொடியில் பார்க்க முடியாது. அதனால் கண்ணைப் பேஸில் வைத்துவிட்டு, க்ளவுஸில் பந்து விழும் சத்தத்தைக் காதால் பிடிக்க வேண்டும். சத்தம் முந்தினால் அவுட். கால் முந்தினால் சேஃப்.

நான் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவன். பள்ளியில் ஆடிய பழக்கத்தில் பரீட்சை எழுதி அம்பயரானேன். வாரம் முழுக்க முதலாளி சொன்னதைச் செய்கிற எனக்காக, ஞாயிற்றுக்கிழமை ஒரு மைதானமே காத்திருக்கும், என் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. அந்தப் பெருமைக்காகத்தான் போனேன், மறைப்பானேன். என் வாழ்க்கையில் பெருமை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அந்த வருஷம் பந்துச் சத்தம் மந்தமாகிக்கொண்டே வந்தது. க்ளவுஸெல்லாம் நைந்துவிட்டது, வாங்கித் தர வக்கில்லாத பள்ளிக்கூடங்கள் என்று திட்டிக்கொண்டு திரிந்தேன். தறி ஓடும் தெருவில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை.

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். பள்ளிப் பெண்களின் இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். பேஸ்களுக்கு நான், பந்தை அடிக்கிற இடமான பிளேட்டுக்குப் பின்னால் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் கூட்டாளி. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடியும், பேஸ்களில் யாருமில்லை. ஒரு ரன் பின்தங்கியிருந்த அணியின் பெண் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு ஓடினாள். நான் உள்ளே வந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். கால் பேஸை மிதித்ததைப் பார்த்தேன். அதற்கு முன் எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு கையையும் விரித்து சேஃப் என்றேன்.

நிமிர்ந்தால், பேஸ் காத்த பெண்ணின் க்ளவுஸில் பந்து இருந்தது.

"பந்து முன்னாலயே வந்துருச்சுங்க சார்," என்றாள் அவள், என் முன்னால் வந்து நின்று. "சத்தங் கேக்கலீங்களா?"

அவள் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். முந்தியா பிந்தியா என்று நான் குழம்பியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பந்து விழுந்த சத்தமே எனக்கு வரவில்லை.

நான் கொடுத்த தீர்ப்பில் கூட்டாளி தானாக வந்து தலையிட முடியாது. நானாகப் போய்க் கேட்டால்தான் அவர் பார்த்ததைச் சொல்லலாம். ஓடுகிற பெண்ணின் பின்னாலேயே பாதி தூரம் வந்திருந்த அவர், அங்கேயே நின்று என்னைப் பார்த்தார். போகாவிட்டால் தீர்ப்பு அப்படியே நிற்கும், யாரும் எதுவும் செய்ய முடியாது. போனால் எதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். சொன்னபின் என்னை யார் பேஸில் நிறுத்துவார்கள்? அதெல்லாம் தெரிந்துதான் போனேன்.

ஆட்டக்காரர்களுக்குக் கேட்காத தூரத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய், தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னேன். "எனக்குக் காது கேக்கலைங்க. பந்து விழுந்ததே தெரியல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் முகம் சுருங்கியது. என் தோளைப் பிடித்து, காதுக்கருகில் வந்தார்.

"ஏனுங்க இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலதான நிக்கறனுங்க."

திரும்பிப் பார்த்தேன். இரண்டு அணியும், இரண்டு கோச்சும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பந்துதான் மொதல்ல வந்துச்சுங்க. அவுட்டு," என்றார் அவர்.

நான் போய், அவுட் என்று முஷ்டியை உயர்த்தினேன். ஆட்டம் முடிந்தது. கொடுத்த தீர்ப்பை மாற்றினால் சாதாரணமாக மைதானம் ரெண்டுபடும். தோற்ற அணியின் கோச்சோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு பேட்டுகளைப் பொறுக்கினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்து சண்டை போடேன்யா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அடித்துவிட்டு ஓடிய பெண் மட்டும் என்னிடம் வந்தாள். சேஃப் என்று சொல்லிப் பறித்துக்கொண்டேனே, அவள்தான். அழுதிருந்தாள், கன்னத்தில் புழுதி கோடு கோடாக இருந்தது. இவளாவது கேட்கட்டும் என்று நின்றேன். அவள் எட்டி என் காதருகே வாயைக் கொண்டுவந்து, இரண்டு கையையும் குவித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கத்தினாள்.

"பரவால்லீங்க சார். பாத்து, ஊட்டுக்குப் போங்க."