மக்கும் ஈரலா, மக்காத ஈரலா

பழைய வைத்தியப் புத்தகங்களை நான் சேர்ப்பது உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அல்ல. என் உடம்பைப் பற்றித் தெரிந்தவரை போதும். அதற்குமேல் தெரிந்தால் தூக்கம் வராது. எனக்கு அந்தப் புத்தகங்களின் தமிழ் பிடிக்கும். ரத்தம் ஓடுவதை, மடை திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதியிருப்பார்கள். பெரம்பலூரில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி முப்பத்தொரு புத்தகங்கள் இருக்கின்றன. மனைவி அதை ‘வார்டு’ என்பாள். யாராவது என்னைத் தேடி வந்தால், “வார்டுல இருக்காரு, கூப்புடுறேன்” என்று உட்காரவைப்பாள்.

முப்பத்திரண்டாவதாக நான் ஆசைப்பட்டது லப்பைக்குடிக்காட்டில் இருந்தது. வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, செல்போன் கடை வைத்திருக்கும் என் வயதுக்காரர் ஒருவருடையது. நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, அந்தக் காலத்துக் கம்பவுண்டர். அத்தா விட்டுப்போன உடற்கூறு புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒரு காகித மனிதன் படுத்திருப்பான். தோலைத் திறந்தால் சதை, சதையைத் திறந்தால் விலா எலும்பு, அதற்கடியில் நுரையீரல், இதயம், ஈரல், குடல் எல்லாம் தனித்தனியே வெட்டி ஒட்டியிருக்கும். ஊசிக்கு அழுகிற பிள்ளைகளுக்கு அத்தா அவனைத்தான் திறந்து காட்டுவாராம். இந்த மாதிரி ஆட்கள் பழைய கடைகளில் பெரும்பாலும் குடலைத் தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள். இவன் முழுசாக இருந்தான்.

விலைக்குக் கேட்டேன்.

“ஒரு வாரம் வச்சுப் பாருங்க சார். அதுக்குள்ள நான் யோசிச்சுச் சொல்றேன்” என்று கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை. கரண்ட் இல்லை. மேசையில் புத்தகத்தை விரித்து, ஈரலை விரல் நுனியால் தூக்கினேன். கரண்ட் வந்தது. தலைக்குமேல் ஃபேன் ஐந்தில் இருந்தது. அந்தக் காலத்துப் பசை அதற்குத் தாங்கவில்லை. ஈரல் எழுந்து போய்விட்டது.

பயத்தில் ஈரக்குலை நடுங்கும் என்று சும்மா சொல்லவில்லை. என்னுடையது நடுங்கியது. காகித மனிதனுக்கு நடுங்கவும் வழியில்லை.

அறை முழுக்கத் தேடிவிட்டு, கட்டிலுக்கடியில் பாதி உடம்போடு கிடந்தேன். கடைக்குப் போயிருந்த மனைவி வந்து பார்த்தாள்.

“என்னத்தங்க தேடுறீங்க?”

“ஈரல்.”

“ஞாயித்துக்கெழமதானே கறி எடுப்பீங்க? அதுக்கு ஏன் கட்டிலுக்கு அடியில போறீங்க?”

விளக்கிச் சொன்னேன். அவள் முகம் மாறியது. நான் அறைக்குள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், கடைக்குப் போகும் அவசரத்தில் கூடத்தைப் பெருக்கி, குப்பையை இப்போதுதான் வண்டியில் கொட்டியிருக்கிறாள். கைலியும் பனியனுமாகத் தெருவில் ஓடினேன். மூன்றாவது முனையில் வண்டியைப் பிடித்தேன்.

“அம்மா, எங்க வூட்டுக் குப்பையில ஒரு ஈரல் வந்துருச்சு” என்றேன், மூச்சிரைக்க.

தூய்மைப் பணியாளர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஈரல்னா மக்குற குப்பை. பச்சை டப்பா.”

“பேப்பர் ஈரல்ங்க.”

“மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க” என்றார்.

இரண்டு டப்பாவையும் கிளறினோம். அவர் எனக்குக் கையுறை கொடுத்தார், பாவம். கிடைக்கவில்லை.

அப்புறம் நான் செய்ததை இப்போது எழுதவும் கூசுகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையை ஈரல் வடிவில் வெட்டி, டீ டிகாஷனில் முக்கி, காயவைத்து, உள்ளே செருகினேன். மற்ற உறுப்புகளைவிட ஆரோக்கியமாக இருந்தது. வாரம் முடிந்ததும் லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். வழிநெடுக என் நாடியை நானே பிடித்துக்கொண்டேன். அது பஸ்ஸைவிட வேகமாகப் போனது.

கடையை ஒட்டிய வீட்டில், பாய் மேசையில் புத்தகத்தைத் திறந்தார். தோல், சதை, விலா. ஈரலை எடுத்தார், திருப்பினார். நிதானமாக வாசித்தார்.

“தங்கள் நல்வரவை விரும்பும்...”

அட்டையின் பின்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை.

“எல்லாம் ஃபேனால வந்தது பாய்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை டப்பா உட்பட. அவர் சிரிக்கவில்லை. அந்தக் காகித மனிதனின் வயிற்றில் இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“குடுத்துரலாம்னுதான் சார் நெனச்சிருந்தேன்” என்றார். “ஒரு வாரத்துல ஈரல். மாசமானா கிட்னியும் போயிரும். வேணாம் சார், இது இங்கயே இருக்கட்டும்.”

“நியாயந்தான் பாய்.”

“பார்க்கணும்னா வந்து பாருங்க. தூக்கிட்டுப் போவாதீங்க.”

கடையிலிருந்து பசை எடுத்துவந்து, என் ஈரலையே அதன் இடத்தில் ஒட்டினார்.

“ஏன் பாய், அது பொய் ஈரலாச்சே?”

“இருக்கட்டும். பசங்க கேட்டா ஈரல் மாத்து ஆபரேசன் ஆன ஆளுன்னு சொல்லிக்கிறேன். பண்ணுன டாக்டர் பெரம்பலூர்க்காரரு, பெரிய கைராசி.”

அப்போதுதான் சிரித்தார். பசை காயும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டீ சொல்ல உள்ளே போனார். கட்டைவிரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் அந்தப் புத்தகம் என்னிடம் இருந்தது.