மின்சாரக் காரின் முன்சீட்டு

மின்சாரக் கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அதை ஓட்டி நான் களைத்ததில்லை. அதற்காகப் பதில் சொல்லியே களைத்துப் போனேன். மழையில் ஷாக் அடிக்காதா, தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போது பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய், பேட்டரி போனால் வீட்டை விற்பாயா என்று எங்கள் ஊர் மஸ்ஜித் தானா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர் வரைக்கும் கேட்டாயிற்று. அவரிடம் இருப்பதோ ஒரு பழைய மோட்டார் சைக்கிள். என் பேட்டரியைப் பற்றி அவருக்கு என்ன கவலையோ!

பூசை போட்ட அன்றே இது ஆரம்பித்துவிட்டது. கோயில் வாசலில் நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஸ்டார்ட் பண்ணும்மா என்றார் பூசாரி. ஏற்கெனவே பண்ணியாயிற்று என்றேன். அவர் நம்பாமல் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து பழங்கள் நசுங்கியதும், சுற்றி நின்றவர்கள் துள்ளி ஒதுங்கினார்கள். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஏன் வாங்கினாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. முட்டிவலிக்காகத்தான். புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, பழைய காரின் கிளட்சை மிதித்து மிதித்து வீடு வந்து சேர்வதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

என்னோடு மூன்று பேர் வேலைக்கு வருவார்கள். பின்சீட்டில் எங்கள் தாமான் குடியிருப்புப் பெண்கள் இரண்டு பேர், சின்ன வயசு. முன்சீட்டில் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், எங்கள் லைனிலேயே வேலை. பதினான்கு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எனக்குச் சொந்தபந்தம் ஊர் நிறைய இருக்கிறது. மனம் விட்டுப் பேச அவர் ஒருவர்தான். என் அம்மா போன பிறகு நான் அழுததெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவரிடம் அழுததுதான்.

புதுக் காருக்கு அவரும் பயந்தார். முதல் சில மாதம் கையில் ஜெபமாலையோடுதான் ஏறுவார். எங்கேயோ ஒரு கார் எரிகிற வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், உடனே எனக்கு அனுப்பிவிடுவார். எண்ணெய் ஊற்றுகிற கார் எரிந்ததே இல்லையா என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். அதற்கப்புறம் வீடியோ வரவில்லை. போகப்போக அக்கா சீட்டைச் சாய்த்துக்கொண்டு குட்டித் தூக்கம் போடவும் பழகிவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாளையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகிறேன் என்று ஒரு வரி அனுப்பினார். காரணம் இல்லை. அந்த பஸ்ஸுக்கு விடிவதற்கு முன்பே ரோட்டோரம் போய் நிற்க வேண்டும். அவருக்கோ காலில் வீக்கம். மறுபடி எந்த வீடியோவைப் பார்த்துத் தொலைத்தாரோ என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊர் ஆயிரம் சொல்லட்டும், இவருமா? போனால் போகட்டும் என்று இரண்டு வாரம் வீம்பாக இருந்தேன். தொழிற்சாலையில் எதிரே வந்தால் அவர் குனிந்துகொண்டு போனார். பக்கத்துச் சீட்டு காலியாக வருவதை அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து அவர் வீடு திரும்பும் நேரத்துக்குப் போய் கேட்டுக்கு வெளியே நின்றேன்.

"அக்கா, காடி வெடிக்காது லா. எத்தன தடவ சொல்றது?"

அக்கா கேட்டைத் திறந்து காரைப் பார்த்தார்.

"வெடிக்கும்னு எனக்குப் பயமில்ல. உன் பழைய காடி போட்ட சத்தத்துல நாம பேசுறது நமக்கே பாதிதான் கேட்கும். இதுல மூச்சு விட்டாகூட பின்னாடி கேட்குது. என் மக புருசன விட்டுட்டு வந்துட்டான்னு உன்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். இப்ப லைன் பூரா தெரியுது. அந்தப் பிள்ளைங்க மேல தப்பில்லம்மா. காதுல விழுந்தா அதுங்க என்ன பண்ணும்? இந்தக் காடி அப்படி."

அவர் அதைச் சொன்ன காலையில் பின்சீட்டில் இரண்டு பெண்களும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். கண்ணாடியில் நான் பார்த்தேன்.

வெளியே சொன்னது நான். அதற்குச் சில நாள் கழித்து, அக்கா வேலையில் கண்ணசந்ததற்கு சூப்பர்வைசர் ஏசிவிட்டுப் போனார். அதைக் கேண்டீனில் வைத்துச் சிலர் கேலி பேசினார்கள். எனக்கு நின்று நின்று கால் கடுத்த நேரம். அவங்க மகள் வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கு, கொஞ்சம் விடுங்களேன் என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டேன். அக்காவுக்காகப் பரிந்துதான் பேசினேன். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கேட் பக்கத்தில் நின்றபடி உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் பதினான்கு வருடமும் அதோடு போய்விடும் என்று பயந்தேன்.

"ஆமாக்கா," என்றேன். "இந்தக் காடில எல்லாமே கேட்குது."

அக்காவின் முகம் தெளிந்தது. உள்ளே கூப்பிட்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காருக்குச் சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று மரியாதைக்குக் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

பார்த்தாயா, அவளோட அக்காவே அந்தக் காரில் ஏற மாட்டேங்கிறாள் என்று தாமானில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். அந்தக் காரைப் பற்றி யார் எந்தப் பொய்யைச் சொன்னாலும் விட்டதில்லை நான். இந்த ஒரு பொய்யை மட்டும் நானே ஆமாம் என்று ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அக்கா இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். கால் வீக்கம் கூடியிருக்கிறது.